வாய் மூடிய கணினி

கலைமதிக்குக் கணினி என்பது ஒரு குரல். மற்றவர்களுக்கு அது ஒளிரும் பலகையாக இருக்கலாம். அவளுக்கோ காதோரம் அமர்ந்து ஓயாமல் பேசும் ஓர் ஆள். எந்தக் கட்டத்தில் நிற்கிறாள், எந்த எழுத்தைத் தட்டினாள், எந்தக் கோப்பு திறந்திருக்கிறது என்று அது சொல்லிக்கொண்டே வரும். அவள் தட்டிக்கொண்டே போவாள். அலுவலகத்தில் ஆறாண்டுகளாகத் தடையின்றிப் பேசிவந்த அந்தக் குரல், சென்ற கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை காலையில் நின்றுபோயிற்று.

அவள் பிறந்தது குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்தில், மழையை நம்பி விதைக்கும் ஒரு சிற்றூரில். ஐந்தாம் வகுப்பில் கரும்பலகை மங்கத் தொடங்கியது. பத்தாம் வகுப்பை எட்டுவதற்குள் பகலையும் இரவையும் பிரித்தறியும் அளவுக்கே பார்வை எஞ்சியது. கல்லூரியில் சேர்ந்தபோது அதுவும் இல்லை. திருச்சியில் வரலாறு படித்தாள். தேவிப்ரியா என்ற ஆசிரியை, தாமும் பார்வையற்றவர், திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் செயலி ஒன்றை அங்கேதான் அவளுக்குப் பழக்கினார். அதைக் கற்ற மூன்று மாதங்களில், தன் உலகத்துக்கு ஒரு சுவர் குறைந்துவிட்டதாகவே அவள் எண்ணினாள்.

வேலை கேட்டுப் போன இடங்களில் நாற்காலி கிடைத்தது, குடிக்கத் தண்ணீர் கிடைத்தது, ‘பாவம்’ என்ற சொல்லும் தவறாமல் கிடைத்தது. ஒரு தனியார் பள்ளி மட்டும் அவளைச் சேர்த்துக்கொண்டு, வரவேற்பறையில் உட்கார வைத்தது. வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்வதைத் தவிர அங்கே அவளுக்கு வேறு வேலை இல்லை. ஊதியம் மட்டும் நாள் தவறாமல் வந்தது. அதைக் கையில் வாங்கும்போதெல்லாம் உடம்பு கூசியது. ஆண்டு முடிவதற்குள் அவளே விலகிக்கொண்டாள். இனி உழைக்காத ஊதியம் வேண்டாம் என்று தாயிடம் சொன்னாள். அதை அவள் உறுதியாகவே சொன்னாள்.

அதன் பிறகு கிடைத்ததுதான் கந்தர்வக்கோட்டை முந்திரிப் பருப்பு ஆலையின் அலுவலக வேலை. உரிமையாளர் கருப்பையா, திருமயத்துப் பக்கத்து வணிகக் குடும்பத்தவர். மகன் ராம் சென்னையில் இருக்க, இவர் மட்டும் ஊரை விடாமல் ஆலையைப் பார்த்துவந்தார். கடைக்காரர்கள் தொலைபேசியில் கேட்கும் பருப்பின் வகையையும் அளவையும் கணினியில் ஏற்றி, பதினொரு மணி வண்டிக்கு முன்பாக மூட்டை கட்டும் பிரிவுக்கு அனுப்புவது கலைமதியின் பணி. முதல் நாளே கையோடு கொண்டுவந்த பென்டிரைவிலிருந்து தன் செயலியைக் கணினியில் ஏற்றிக்கொண்டாள். ஒரு காதில் தொலைபேசி, மறு காதில் செருகிய சிறிய ஒலிப்பான். வேலை ஓடியது.

சேர்ந்த இரண்டாம் வாரத்தில் கருப்பையாவின் மனைவி மெய்யம்மை அலுவலகத்துக்கு வந்தார். அவள் விரல்கள் ஓடும் வேகத்தைக் கண்டு திகைத்து நின்றார்.

“ஏங்க, கண்ணே தெரியாம எப்புடிங்க இம்புட்டும் அடிக்குது?”

கலைமதி வாயெடுப்பதற்குள் கருப்பையா முந்திக்கொண்டார். “எல்லாம் மனப்பாடம். ஒரு கடை விடாம அது தலைக்குள்ள இருக்கு. நம்ம புண்ணியம், இங்கிட்டு வந்து சேந்துச்சு.”

மெய்யம்மை அவள் இரு கைகளையும் எடுத்துத் தம் கண்களில் ஒற்றிக்கொண்டார். கை ஈரமானது. அழுகிற ஒருவரிடம், ‘இல்லைங்க, இது எனக்குப் படித்துக் காட்டுகிறது’ என்று எப்படிச் சொல்வது? பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். அந்தப் பிறகு வரவே இல்லை. விருந்தினர் வரும்போதெல்லாம் கருப்பையா அவள் மேசையருகே அவர்களை அழைத்துவந்து அதே பெருமையைச் சொன்னார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அதை மறுப்பது இன்னும் கொஞ்சம் கடினமாயிற்று. பள்ளி வரவேற்பறையில் ‘பாவம்’ என்ற சொல்லைக் கேட்டு வந்தவளுக்கு ‘அதிசயம்’ என்ற சொல் முதலில் இனித்ததும் உண்மைதான்.

அடுத்த மேசைக்காரி சுகுணாவோ, காதில் செருகியிருப்பது பாட்டு என்றே நம்பினாள். “இன்னைக்கு எந்தக் காலத்துப் பாட்டுடி ஓடுது?” என்று தினமும் கேட்பாள். “பழசுதான்க்கா” என்று கலைமதி சிரிப்பாள்.

கணினிகளுக்கு வயதாயிற்று. அவற்றில் இருந்த பழைய விண்டோசுக்கு இனிப் பராமரிப்பு இல்லை என்றும், புதியதைத் தாங்கும் வலு அந்தப் பெட்டிகளுக்கு இல்லை என்றும் சென்னையிலிருந்து ராம் தெரிவித்தான். பெட்டிகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. லினக்ஸ் என்ற இலவச அமைப்பை ஏற்றிக்கொண்டால் போதும் என்பது அவன் முடிவு. சனிக்கிழமை மாலை கருப்பையா எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

“நாளைக்குப் புதுக்கோட்டையிலேருந்து முத்துராஜ்னு ஒரு பையன் வந்து எல்லாத்தையும் மாத்திருவான். ஒங்களுக்குக் கொஞ்ச நாளைக்குத் தடுமாத்தமா இருக்கும், பொறுத்துக்குங்க. கலைமதிக்கு மட்டும் ஒண்ணுமில்ல. அது எந்தக் கம்ப்யூட்டரைப் பாத்துச்சு?”

எல்லோரும் சிரித்தார்கள். கலைமதியும் சிரித்தாள். அந்தப் பையனைத் தனியே பார்த்து ஒரு சொல் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் ஞாயிறு அலுவலகம் பூட்டியிருக்கும். அவளுக்கு அங்கே வரக் காரணம் ஏது?

திங்கட்கிழமை வந்து அமர்ந்தாள். பெட்டியை இயக்கினாள். உள்ளே விசிறி சுழலும் ஓசை கேட்டது. காதுக்குள் ஒன்றும் இல்லை. குரலை எழுப்பும் மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினாள். ஒன்றுமில்லை. செருகியதைப் பிடுங்கித் துடைத்துவிட்டு மறுபடியும் செருகினாள். கணினி உயிரோடுதான் இருந்தது. அவளிடம் மட்டும் பேசவில்லை.

தொலைபேசி அடித்தது. பட்டுக்கோட்டைக் கடை ஒன்று முழுப்பருப்பும் உடைந்த பருப்பும் கேட்டது. “சரிங்க, சரிங்க” என்று சொல்லியபடியே விரல்களை ஓட்டினாள். எழுத்துகள் எங்கே விழுந்தன, விழுந்தனவா என்பதே தெரியவில்லை. அடுத்த அழைப்பு வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. எதையும் விட்டுவிடக் கூடாதென்று ஒவ்வொன்றையும் உதட்டுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

பக்கத்தில் சுகுணா எரிச்சலோடு மவுஸைத் தட்டினாள். “எது எங்கிட்டு இருந்துச்சு, எங்கிட்டுப் போச்சுன்னே தெரியல. என்ன எழவைக் கொண்டாந்து ஏத்தி வச்சிருக்காய்ங்க. ஒனக்கென்ன கலை, கொடுத்துவச்சவ. நீ பாக்கவா போற?”

“ஆமாக்கா” என்றாள் கலைமதி. அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது, தானே ஒரு கதவை உள்பக்கமாகத் தாழிடுவதைப் போலிருந்தது.

தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுச் சுவரைத் தொட்டபடியே பின்கட்டுக்கு நடந்தாள். அங்கே கொட்டை வறுக்கும் புகை தொண்டையைக் கமறச் செய்தது. தேவிப்ரியாவை அழைத்தாள். நடந்ததைக் கேட்டதும் ஆசிரியை நிதானமாகச் சொன்னார்.

“லினக்ஸ்லயும் படிச்சுக் காட்டுறது இருக்கு, உள்ளேயே இருக்கும். ஆல்ட்டையும் விண்டோஸ் பொத்தானையும் புடிச்சுக்கிட்டு எஸ்ஸை அமுக்கு.”

“விண்டோஸைத்தான் எடுத்துட்டாங்களே மிஸ்.”

“விண்டோஸ்தான் போச்சு, பொத்தானைப் பேத்தா எடுத்துட்டுப் போயிருப்பாங்க? அமுக்கு. ஆனா முதல்ல இங்கிலீசுலதான் பேசும். தமிழுக்குக் குரலும் போடணும், கீபோர்டும் சேக்கணும். புதுசா வர்ற நீ திரை தெரியாம அதையெல்லாம் போடத் திண்டாடுவ. அந்தப் பையனைப் பக்கத்துல உக்கார வச்சுப் போனை அவன்கிட்டக் குடு. அரை மணி நேர வேலை.”

“அவங்கிட்டச் சொல்ல முடியாது மிஸ்.”

“ஏன்? ஒனக்குக் கண்ணு தெரியாதுங்கிறது ஆபீசுல தெரியும்ல?”

“அது தெரியும் மிஸ்.”

“அப்பறம் எதைத்தான் மறைக்கிற?”

மறுமுனையில் வகுப்பு மணி அடித்தது. “வகுப்பு இருக்கு, மத்தியானம் கூப்புடு” என்று ஆசிரியை வைத்துவிட்டார்.

மேசைக்குத் திரும்பி ஆசிரியை சொன்ன மூன்று பொத்தான்களையும் அழுத்தினாள். ஒரு குரல் எழுந்தது. அந்த நொடியில் அவள் கண்களில் நீர் கோத்துக்கொண்டது. ஆனால் அது அவளுடைய குரல் அன்று. விரைவாக, முகம் தெரியாத ஆங்கிலத்தில், நிற்காமல் பேசியது. தான் எந்தச் சாளரத்தில் இருக்கிறோம் என்று அறிய, பழைய பழக்கப்படி இன்செர்ட்டோடு டி எழுத்தை அழுத்தினாள். எங்கே இருக்கிறாள் என்று கேட்டவளுக்கு அது மணியைச் சொன்னது. மறுபடி அழுத்தினாள், மறுபடியும் மணியையே சொன்னது. அம்புக்குறியை அழுத்தினால் தெரியாத பெயர்களைப் பட்டியலிட்டது. எண்டரை அழுத்தினால் இன்னொரு பட்டியல் திறந்தது. எஸ்கேப் தட்டி வெளியேறியதாக நினைத்த இடத்தில் வேறொரு பெயர் ஒலித்தது. தமிழ் வந்த இடத்தில் சொற்களை விட்டுவிட்டு ஏதேதோ எண்களை அடுக்கியது. அயலார் வீட்டுக்குள் பூட்டப்பட்டவளைப் போல அறை அறையாக அலைந்தாள். வாசல் எந்தப் பக்கம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. நெற்றி வியர்த்தது. முகத்தை மட்டும் மலர்ச்சியாக வைத்துக்கொண்டாள். ஏனென்றால், அந்த முகத்தை எப்போதும் யாரோ பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மூட்டை கட்டும் பிரிவின் மேற்பார்வையாளர் நல்லதம்பி வாசலில் வந்து நின்றார்.

“என்னம்மா கலை, இன்னும் ஒரு ஆர்டரும் வரலியே. பதினொரு மணி வண்டி வந்து நிக்குது. டிரைவர் என்னைய முறைக்கிறான்.”

“அனுப்பிட்டேனேண்ணே” என்றாள், வேறு வழியின்றி.

“என்னத்த அனுப்புன? தெறந்தா வெறும் இங்கிலீசு எழுத்தா ஒரே வரியில கிறுக்கியிருக்கு. அதை வச்சு நான் என்னத்தக் கட்டுறது?”

சுகுணா எட்டிப் பார்த்தாள். “ஆமாடி, திரை பூரா என்னென்னமோ கெடக்கு.”

வண்டி போய்விட்டால் கடைக்காரர்கள் வேறிடம் போவார்கள். கலைமதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “எழுதிக்குங்கண்ணே” என்று சொல்லிவிட்டுத் தொடங்கினாள். பட்டுக்கோட்டை, மன்னார்குடி, விராலிமலை, மணப்பாறை என்று காலையில் வந்த அழைப்புகளை வந்த வரிசையிலேயே, கடை, வகை, அளவு, பெட்டி என்று ஒன்று விடாமல் ஒப்பித்தாள். நடுவில் ஓரிடத்தில் நின்று, உதட்டைக் கடித்து, பிறகு பிடித்துக்கொண்டாள். முடித்தபோது தலை பாரமாகக் கனத்தது. நல்லதம்பி சட்டைப் பைக்குள் பேனாவைச் செருகியபடி, “கம்ப்யூட்டரு கெடக்குது போ” என்று சொல்லிக்கொண்டே ஓடினார். வண்டி புறப்பட்டது.

செய்தி கருப்பையாவின் காதுக்குப் போக நேரமாகவில்லை. மகிழ்ச்சி பொங்க அவர் வந்தார். அவள் தலையில் கைவைத்தார்.

“கேட்டேன் ஆத்தா, கேட்டேன். ராமுக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன். மெஷினு கவுத்தாலும் எம்பொண்ணு கவுக்காதுன்னு. நான் ஒரு முடிவு பண்ணிருக்கேன். ஒனக்கு எதுக்கு இந்தச் சனியன்? மத்தியானம் முத்துராஜ் வாரான். இந்தப் பெட்டியை எடுத்துட்டுப் போயிரட்டும். நீ போனை மட்டும் எடு, சுகுணாகிட்டச் சொல்லு, அது அடிச்சுக்கிரும். முடிஞ்ச அன்னைக்குச் சொல்லு, முடியாத அன்னைக்குச் சும்மா உக்காந்திரு. சம்பளம் பாட்டுக்கு வந்துரும். நீ இருந்தாலே இந்த எடத்துக்கு ஒரு அழகு.”

கையை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். தலையில் அந்தக் கையின் வெப்பம் இருந்தது. கலைமதிக்குப் பழைய பள்ளியின் வரவேற்பறை நினைவுக்கு வந்தது. கருப்பையா கோபித்திருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். குறை சொல்லியிருந்தால் திருத்திக்கொள்வதாகச் சொல்லியிருக்கலாம். அன்பாக அல்லவா கட்டிப் போடுகிறார்? கணினி போய்விட்டால் அவள் இங்கே ஒரு குரலாகவும் ஒரு முகமாகவும் மட்டுமே எஞ்சுவாள். வாயைத் திறந்து உண்மையைச் சொன்னாலோ ஆறாண்டுப் பெருமை சரியும். அதைச் சொல்லித் திரிந்தவர் தலைகுனிவார். வாயைத் திறக்காவிட்டால், நாளைக் காலையிலும் இதே போல ஒப்பிக்க வேண்டும். நாளை மறுநாளும் ஒப்பிக்க வேண்டும். என்றாவது ஒரு நாள் ஓரிடத்தில் தடுக்கியே தீரும்.

மதியச் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமலே மூடி வைத்தாள்.

முத்துராஜ் வந்ததும் நேராக அவள் மேசைக்கு வந்தான். குனிந்து கம்பிகளைக் கழற்றத் தொடங்கினான். கருப்பையா பின்னால் நின்றிருந்தார். முதல் கம்பி கழன்ற ஓசை கேட்டதும் கலைமதி பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

“எடுக்காதீங்க தம்பி.”

“ஐயா எடுக்கச் சொன்னாங்கக்கா.”

“ஐயாகிட்ட நான் சொல்றேன்.” அவள் கருப்பையா நின்ற பக்கம் திரும்பினாள். “ஐயா, இது இல்லாம என்னால வேலை பாக்க முடியாது. எனக்கு ஒண்ணும் மனப்பாடம் இல்ல. இதுல இருக்கிறதைப் படிச்சுச் சொல்ல ஒரு புரோகிராம் இருந்துச்சு, அது காதுல சொல்லும், நான் அடிப்பேன். நேத்து மாத்தினதுல அது போச்சு. காலையிலேருந்து நான் எதையும் சரியா அடிக்கல. என்ன அடிக்கிறேன்னே எனக்குத் தெரியல.”

சுகுணாவின் நாற்காலி கிரீச்சிட்டது.

“அப்ப பாட்டு?” என்றாள் சுகுணா.

“பாட்டு இல்லைக்கா.”

“ஆறு வருசம் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். எங்கிட்டக் கூடவா?” சுகுணா எழுந்து வெளியே போனாள். அவள் செருப்பொலி தேய்ந்து மறைந்தது.

கருப்பையா ஓரடி முன்னால் வந்தார். “காலையில ஒப்பிச்சியே, அது என்ன?”

“அது மனப்பாடந்தாங்கய்யா. ஒரு நாளைக்கு முடியும். தெனமும் முடியாது.”

“ஊர் பூராச் சொல்லி வச்சிருக்கேன் நான். இப்பக் கூட ராம்கிட்ட...” அவர் முடிக்கவில்லை.

“நீங்க முதமுதல்ல சொன்ன அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும். சொல்லல. தப்புதாங்கய்யா. என்னைய வேலையை விட்டு நிறுத்துனாக்கூடச் சரிதான். சும்மா மட்டும் உக்கார வைக்காதீங்க.”

அவர் மேசை விளிம்பில் விரலால் தட்டும் ஓசை சிறிது நேரம் கேட்டது, பிறகு நின்றது. “தம்பி, கம்பியை மாட்டு. அதுக்கு என்ன வேணுமோ செஞ்சு குடு” என்றார். இந்த முறை அவள் தலையில் கைவைக்கவில்லை. அவருடைய அறைக் கதவு சாத்தப்பட்டது.

முத்துராஜ் கைப்பேசியை வாங்கித் தேவிப்ரியாவோடு பேசினான். அவர் சொல்லச் சொல்ல, தமிழ்க் குரலைச் சேர்த்தான். தமிழ்த் தட்டச்சைச் சேர்த்தான். இப்படி ஒன்று இருப்பதே தனக்குத் தெரியாது என்றும், தெரிந்திருந்தால் நேற்றே போட்டிருப்பதாகவும் தயங்கியபடி சொன்னான். அவன் மேல் அவளுக்குக் குறை இல்லை. அவனிடம் யாரும் சொல்லாதபோது அவனுக்கு எப்படித் தெரியும்?

பிற்பகல் முழுவதும் அந்தப் புதிய வீட்டுக்குள் தடவித் தடவி நடந்தாள். தமிழ்க் குரல் தகரத்தைத் தட்டுவது போலிருந்தது. பழைய பொத்தான்களில் சில வேறு வேலை செய்தன. சில எந்த வேலையும் செய்யவில்லை. விரல்கள் தாமாக ஓடிப் பழகிய வழியில் ஓடித் தவறான இடத்தில் போய் முட்டின. ஒரு கடையின் பெயரைக் கண்டுபிடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. சுகுணா திரும்பி வந்து உட்கார்ந்தாள். நாற்காலியை அந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். இந்த அறை பழையபடி ஆகுமா என்று கலைமதிக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை ராம் வருவதாகச் சொல்லிக்கொண்டார்கள். அவன் வந்து என்ன சொல்வான் என்பதும் தெரியவில்லை.

ஐந்து மணிக்கு மேல் தொலைபேசி அடித்தது. ஆலங்குடிக் கடைக்காரர் ஆண்டிச்சாமி.

“போன தடவை எடுத்ததையே போட்டுருங்கம்மா. ஒங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே.”

“தெரியாதுங்க” என்றாள் கலைமதி. “கம்ப்யூட்டரைக் கேட்டுத்தான் சொல்லணும். மெஷின் மாத்தியிருக்கு, எனக்குப் புதுசு. கொஞ்சம் நேரம் ஆகும்.”

“எம்புட்டு நேரம்? நான் கடையைப் பாக்க வேணாமா?”

“லைன்லயே இருங்க.”

மறுமுனையில் அவர் சலித்துக்கொள்வது கேட்டது. அறையில் எல்லோருக்கும் அவள் பேசுவது கேட்டிருக்கும். அவள் தேடுதல் பெட்டிக்குப் போய் ‘ஆ’ என்று தட்டினாள். தகரக் குரல் வேறேதோ எழுத்தைச் சொன்னது. அழித்துவிட்டு, பொத்தானை விரலால் தடவி உறுதி செய்துகொண்டு, மறுபடியும் தட்டினாள்.